படியேற மறுத்த குடித்தனக்காரன்

காசு கொடுத்து வாங்கிய பொருளில் கடைசிச் சொட்டு வரைக்கும் பயன் எடுத்துவிட வேண்டும் என்பது ரூனாருடைய கொள்கை. பற்பசை தீர்ந்தால் குழாயைக் கத்தரியால் பிளந்து வழித்துவிட்டுத்தான் எறிவார். வடக்கே பனிநாட்டில் நார்பெஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் கண்ணாடி வீடு கட்டித் தக்காளி போடுகிறவர்கள் எல்லோருமே சிக்கனக்காரர்கள்தான். ஆனாலும் ரூனாரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

போன இலையுதிர்காலத்தில் கண்ணாடி வீட்டை நடத்த அவர் ஒரு புது சர்வர் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையது ஒன்று ஏற்கெனவே இருந்தது. கடையைக் கட்டிக்கொண்டு போன ஒரு தோட்டக்காரரிடம் வாங்கியது, பதினோரு வயது. இரண்டையும் இணைத்து வைத்துவிட்டால் ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும் என்பது கணக்கு. பொருத்த வந்தவள் ஆம்ரா. சுற்று வட்டாரத்தில் முக்கால்வாசிக் கண்ணாடி வீடுகளின் கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் வைத்தியச்சி. ஒன்பது வயதில் போஸ்னியாவிலிருந்து அப்பா அம்மாவோடு வந்து இறங்கியவள். பதினைந்து வயதில் கோடை விடுமுறைக்கு இதே ரூனார் வீட்டில் தக்காளி பறித்திருக்கிறாள். இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டாள்.

வெப்பம், தண்ணீர், விளக்கு, கூரை ஜன்னல் எல்லாவற்றையும் நடத்துகிற புரோகிராம் நேரடியாக அந்த இரும்புப் பெட்டியில் இருக்கவில்லை. பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கம்ப்யூட்டரைக் கட்டி, அதற்குள் அதைக் குடிவைத்திருந்தார்கள். மெய்நிகர் இயந்திரம் என்று அதற்குப் பெயர். ரூனாரின் மனைவி குன்வோர் அதைக் 'குடித்தனக்காரன்' என்றுதான் சொல்வாள். பெட்டி பழுதானால் ஆளைத் தூக்கி அடுத்த பெட்டியில் குடிவைக்கலாம், அதுதான் வசதி.

"ரெண்டு பிராசசருக்கும் பொதுவா என்ன இருக்கோ, அதை மட்டும் இதுக்குக் காட்டறேன்," என்று அன்றைக்கு ஆம்ரா சொன்னாள். "புதுசுல இருக்கற கூடுதல் வசதியெல்லாம் மூடி வெச்சிடலாம். அப்பத்தான் எதுல ஏத்தினாலும் ஓடும்."

"மூடி வெக்கறதா? முழுக் காசு குடுத்து வாங்கிட்டுப் பாதியை மூடி வெக்கவா? உள்ளது அத்தனையும் குடு பொண்ணே. நல்லாத் தின்னு நல்லா ஓடட்டும்."

"பழசுல ஏத்தறப்போ தகராறு பண்ணும், ரூனார்."

"புதுசு எதுக்குப் படுக்குது? படுத்தா அப்பப் பாத்துக்கலாம்."

ஆம்ரா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தரம் ரூனார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அது பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளம். உள்ளது அத்தனையையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி மூன்றாவது வாரம். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி வீடு காலியாக, கழுவித் துடைத்துக் கிடந்தது. திங்களும் செவ்வாயும் அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேர் கூடி எட்டாயிரம் நாற்றுகளை நட்டுக் கொடுத்தார்கள். கூலி கிடையாது. காபியும் இறைச்சிச் சூப்பும்தான், அடுத்த வாரம் அவர்கள் வீட்டு நடவுக்கு இவர்கள் போவார்கள். ரூனாரால் அதில் சேர முடியவில்லை. புத்தாண்டுக்கு முதல் நாள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து வலது முழங்காலுக்குக் கட்டுப் போட்டிருந்தார். ஊன்றுகோலோடு வாசலில் நின்றுகொண்டு எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் வெளியே மைனஸ் இருபத்தேழு. மூச்சு விட்டால் மூக்கு மயிர் விறைத்துக்கொள்ளும் குளிர். வியாழன் என்றால் பட்டாணி சூப் நாள், குன்வோர் அடுப்பில் பட்டாணியை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் திரும்பியபோது ஒரே தூக்கில் வந்தது. வீட்டு விளக்குகள் பளீரென்று ஒருமுறை வெளிறி அடங்கின. அடுத்த நொடி ரூனாருடைய சட்டைப் பையில் அபாய போன் அலறியது.

ஜன்னல் வழியே பார்த்தார். இந்நேரம் கண்ணாடி வீடு மஞ்சள் வெளிச்சத்தில் தகதகவென்று நிற்க வேண்டும். இருட்டாக இருந்தது. விடிவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

குன்வோர் அடுப்பை அணைத்தாள், மேலங்கியை மாட்டினாள், தலையில் கட்டுகிற விளக்கை எடுத்தாள்.

"நீ ஆம்ராவுக்குப் போன் போடு. நான் வால்வுக்குப் போறேன்," என்றாள்.

"நாலு வால்வு இருக்கு குன்வோர். நீ ஒருத்தி."

"நாலுக்கும் நடுவுல பாதை இருக்கில்ல? நடப்பேன்."

மரத்தூள் எரிக்கிற கொதிகலன் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. அதிலிருந்து எண்பத்தைந்து டிகிரியில் வருகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து குழாய்களுக்கு அனுப்புவதுதான் பகுதிக்கு ஒன்றாக இருக்கிற அந்த நான்கு வால்வுகளின் வேலை. குழாய்கள் செடிகளின் கணுக்கால் உயரத்தில் ஓடுகின்றன. கூடுதலாக விட்டால் பிஞ்சுத் தண்டு வெந்துபோகும், குறைத்தால் வேர் விறைத்துப்போகும். புரோகிராம் நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பும். இப்போது ஒவ்வொரு வால்விலும் சிவப்புப் பொத்தானை அழுத்தி மோட்டாரை விடுவித்துவிட்டு, கைப்பிடியைக் குன்வோர் திருப்ப வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நூற்றிருபது மீட்டர். அவளுக்கு வயது அறுபத்தொன்று.

ஆம்ரா இருபது நிமிடத்தில் வந்துவிட்டாள். அந்த ரோட்டில் அந்தப் பனியில் இருபது நிமிடம் என்றால் எப்படி ஓட்டியிருப்பாள் என்று ரூனார் கேட்கவில்லை. கண்ணாடி வீட்டை ஒட்டிய ஆபீஸ் அறையில் தீய்ந்த வாடை அடித்தது. புது சர்வரைத் திறந்து பார்த்துவிட்டு அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இது போச்சு. போர்டு கருகிடுச்சு."

"உள்ள இருக்கறவன்?"

"அவன் நல்லாயிருக்கான். கரண்ட் போனதும் பேட்டரி அவனைத் தூங்க வெச்சு, தனிப் பெட்டியில பத்திரமாப் போட்டிருக்கு. பழசுல எழுப்பறேன்."

ரூனாருக்கு உயிர் வந்தது. ஆம்ரா தட்டினாள். திரையில் சிவப்பில் மூன்று வரி வந்தது. மறுபடி தட்டினாள். அதே மூன்று வரி.

மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்திருந்த போனில் குன்வோர் மூச்சு வாங்குவது கேட்டது. "என்னவாம்?"

"கேட்ட வசதி இந்தப் பிராசசர்ல இல்லையாம். எழுந்திரிக்க மாட்டேங்குது."

"ஏன் மாட்டேங்குறான்? புதுசு வர்ற வரைக்கும் அந்தப் பெட்டியிலதானே கெடந்தான்?"

ஆம்ரா ஒரு கணம் ரூனாரைப் பார்த்தாள். ரூனார் ஊன்றுகோலின் கைப்பிடியைப் பார்த்தார்.

"புதுசுல ஏறினப்போ அங்க என்னென்ன வசதி இருக்குன்னு ஒரு பட்டியல் எழுதி வெச்சிக்கிட்டான். அது அத்தனையும் இருந்தாத்தான் படியேறுவேன்னு நிக்கறான். பொதுவானதை மட்டும் காட்டியிருக்கணும், குன்வோர். நான் அப்படி வெக்கல. என் தப்புதான்."

எதற்கெடுத்தாலும் வாய் கொடுக்கிற ரூனார், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அது அவருக்கே கேவலமாக இருந்தது.

"யார் தப்புன்னு சாயங்காலம் பேசலாம்," என்றது போன். "மூணாம் பகுதி பதினஞ்சுக்கு எறங்கிடுச்சு. நான் ஓடறேன்."

அப்போது வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து வால்டெமார். அவனுக்கும் ரூனாருக்கும் இருபது வருடமாக யார் முதல் பழம் பறிப்பது என்று போட்டி. கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டான்.

"என்ன ரூனார், கரண்டு பில்லைக் கொறைக்க வெளக்கை அணைச்சிட்டியா? ஊர்ல நாங்க கூட இன்னும் அந்த அளவுக்குப் போகல."

"வால்வு," என்றார் ரூனார்.

வால்டெமார் அவர் முகத்தைப் பார்த்தான், சிரிப்பை அப்படியே விழுங்கினான். "வடக்கு ரெண்டும் எனக்கு. எத்தனை டிகிரி?"

"குன்வோரைக் கேளு."

அவன் ஓடினான். எழுபதை நெருங்குகிற ஆள், அந்தக் கனமான பூட்ஸோடு ஓடினான்.

ஆம்ரா பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தாள். பதினோரு வயதுப் பிராசசரில் என்னென்ன உண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இல்லாததையெல்லாம் அடித்தாள். விரல் வேகமாக ஓடியதே தவிர முகத்தில் ஒரு பதற்றம் கிடையாது. ரூனார் பார்த்துக்கொண்டே இருந்தார். இவளைப் போலப் பழம் பறிக்கிற பிள்ளையை அவர் கண்டதில்லை. அப்போதும் இப்படித்தான், காம்பு ஒடியாமல், பேசாமல், அடுத்தவர் ஒரு பெட்டி நிரப்புமுன் இரண்டு நிரப்புவாள்.

திருத்திவிட்டு எழுப்பினாள். இந்தத் தடவை வேறு இரண்டு வரி சிவப்பில் வந்தது.

"இன்னும் என்னவாம் அவனுக்கு?"

"பட்டியலை மாத்திட்டேன். ஆனா அவன் அரைத் தூக்கத்துல இருக்கான் பாருங்க, நெனப்பெல்லாம் புது வீட்டுல இருக்கற மாதிரியே இருக்கு. அந்த நெனப்போட இங்க முழிக்க முடியாது." ஆம்ரா நாற்காலியைத் திருப்பினாள். "ஒரே வழிதான். அந்தத் தூக்கத்தைத் தூக்கி எறிஞ்சிட்டு, புதுசா முதல்லேர்ந்து கெளப்பணும். கடைசியா நிரந்தரமாப் பதிஞ்சது மட்டும்தான் இருக்கும். எப்பப் பதிஞ்சீங்க?"

ரூனார் கணக்குப் பார்த்தார். எந்தப் பயிருக்கும் புது அளவுகளைப் போட்டால் ஒரு வாரம் செடி ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாகப் பதிவார். நல்ல பழக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பழக்கம். "ஞாயித்துக்கிழமை," என்றார். "போனாப் போகட்டும். நாலு நாள் அளவுதானே, திரும்ப அடிச்சிக்கலாம். கெளப்பு, சீக்கிரம் கெளப்பு."

ஆம்ரா விசைப்பலகைமேல் கையை வைத்தாள்.

"நில்லு!"

போனிலிருந்து வந்த சத்தத்தில் இருவருமே திடுக்கிட்டார்கள்.

"எதையும் தொடாதே ஆம்ரா. ரூனார், ஞாயித்துக்கிழமை இங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லியே. காலி வீடு. கழுவி விட்டு..." ரூனாருடைய குரல் அப்படியே நின்றது.

"கழுவி விட்டுக் காயப் போட்டிருந்தோம். அன்னிக்கு வெளியே மைனஸ் ரெண்டுதான். சூடு நிறுத்தி, கூரையை முழுசாத் தொறந்து வெச்சிருந்தோம். அவன் கண்ணை முழிச்சதும் மொதல்ல என்ன பண்ணுவான்? கூரையைத் தொறப்பான். எட்டாயிரம் புள்ளைங்களும் அஞ்சு நிமிஷத்துல கண்ணாடி மாதிரி ஆயிடும்."

ஆம்ரா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரமாக இருட்டில் ஓடிக்கொண்டே, ஒரு கண் வெப்பமானியிலும் ஒரு கை வால்விலுமாக இருக்கிறவளுக்கு இது தோன்றியிருக்கிறது. உட்கார்ந்துகொண்டிருந்த ரூனாருக்குத் தோன்றவில்லை.

"கூரை மோட்டாரோட கரண்டை அறுத்துட்டா?" என்றாள் ஆம்ரா. "அவன் தொறன்னு சொன்னாலும் மோட்டார் கேக்காது. அதுக்குள்ள நான் அளவை மாத்திடுவேன். ஸ்விட்ச் எங்க?"

"பம்ப் அறையில. அந்தக் கோடி," என்று சொல்லிக்கொண்டே ரூனார் எழுந்தார்.

"நீங்க எங்க போறீங்க? நான் போறேன்."

"இருபத்தாறு ஸ்விட்ச் இருக்கு, எதுவும் எழுதி ஒட்டல. எனக்கு மட்டும்தான் தெரியும். நீ இங்கயே இரு."

அந்த நூற்றிருபது மீட்டரை அவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். சிமென்ட் பாதை ஈரமாக இருந்தது. ஊன்றுகோல் ஒவ்வொரு அடிக்கும் வழுக்கியது. கூரையில் உறைபனி பூத்திருந்தது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் செடிகள் இருட்டில் வரிசை வரிசையாக நின்றன. இலைகள் தொங்க ஆரம்பித்திருந்தன. தூரத்தில் குன்வோருடைய தலைவிளக்கு குனிந்தும் நிமிர்ந்தும் நகர்ந்தது.

இரண்டாம் பகுதி வால்வருகே வந்ததும் அவளைப் பார்த்தார். மேலங்கியைக் கழற்றி எறிந்திருந்தாள். முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இடது உள்ளங்கையைக் குழாயில் வைத்துச் சூடு பார்த்தாள், வலது கையால் கைப்பிடியை ஒரு விரல் கனம் திருப்பினாள், காத்திருந்தாள், மறுபடி குழாயைத் தொட்டாள். உள்ளங்கை சிவந்து கன்றிப் போயிருந்தது. வெப்பமானி அவள் கழுத்தில் சும்மா தொங்கியது. அவள் அதைப் பார்க்கிறதையே விட்டுவிட்டாள் என்று ரூனாருக்குப் புரிந்தது.

அவர் நின்றார். "குன்வோர். அது ஆம்ரா தப்பில்ல. அவ ரெண்டு தரம் சொன்னா, நான்தான் கேக்கல. எல்லாத்தையும் குடுன்னு நான்தான் அடம்பிடிச்சேன். அவ பழியை ஏத்துக்கிட்டப்பவும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்."

குன்வோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"முப்பத்தஞ்சு வருஷம் ஒன்னோட குடும்பம் நடத்தறேன். அவ அப்படி வெக்கற பொண்ணா? போ, போய் ஸ்விட்ச்சை அணை. அவகிட்டயும் இதைச் சொல்லணும், சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லு. மொதல்ல ஸ்விட்ச்."

பம்ப் அறையில் நான்காவது வரிசையில் இரண்டு ஸ்விட்ச்சுகளை அணைத்தார். பிறகு சந்தேகம் வந்து, ஊன்றுகோல் முனையால் மேலே கூரை மோட்டாரின் விளக்கைத் தட்டிப் பார்த்தார். விளக்கு செத்திருந்தது. நால்வரும் ஒரே இணைப்பில் இருந்த போனில் சொன்னார்: "அணைச்சாச்சு. ஆம்ரா, இன்னொண்ணு. தப்பு உன்னோடது இல்ல. என்னோடது. வால்டெமாரும் கேட்டுக்கிட்டுதான் இருக்கான், கேட்டுக்கட்டும்."

"கேட்டேன் கேட்டேன்," என்றது வடக்குப் பக்கத்துக் குரல். "நடவு முடியற வரைக்கும் ஊர்ல சொல்ல மாட்டேன். அப்புறம் சொல்லுவேன்."

ஆம்ரா சிரித்த மாதிரி இருந்தது. "தூக்கி எறியறேன்," என்றாள். "கெளப்பறேன்."

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"எழுந்துட்டான்! மெதுவாத்தான் நடக்கறான், ஆனா எழுந்துட்டான்." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "குன்வோர், நீங்க சொன்னது சரி. கூரை முழுசாத் தொறன்னு திரையில வந்திருக்கு."

ரூனார் அண்ணாந்து பார்த்தார். உறைபனி பூத்த கண்ணாடி இம்மியும் அசையவில்லை.

"கூரையை மூடுன்னு மாத்திட்டேன். அளவு சொல்லுங்க ரூனார், வேகமா."

பகல் இருபது, இரவு பதினெட்டு, விளக்கு காலை நாலு மணிக்கு என்று ரூனார் சொல்லிக்கொண்டே போனார். குழாய்ச் சூட்டுக்கு வந்ததும் தடுமாறினார். நடவன்று போட்டது இந்தக் குளிருக்கு ஆகாது. வேறு எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை.

"எழுதிக்கோ ஆம்ரா," என்றாள் குன்வோர். "ஒண்ணாம் பகுதி நாப்பத்தாறு. ரெண்டாவது நாப்பத்தொம்போது. மூணாவது மேக்குச் செவரு, அதுக்கு அம்பத்திமூணு வேணும். நாலாவதுல வால்டெமார் கொஞ்சம் அதிகமா விட்டிருக்கான், நாப்பத்தேழு போதும்."

"நான் விடறதை நீ எப்படிப் பாத்தே?" என்றான் வால்டெமார்.

"பக்கத்து வரிசைக்கு வந்தப்போ கன்னத்துல அடிச்சிது."

ஆம்ரா எழுதினாள். இந்த முறை ஒரு வாரம் காத்திருக்கவில்லை, நிரந்தரமாகவே பதிந்தாள். விளக்குகள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒவ்வொரு வரிசையாக எரிய ஆரம்பித்தன. முதலில் சிவப்பாக, பிறகு செம்மஞ்சளாக, பிறகு கண்கூசும் மஞ்சளாக. எட்டாயிரம் செடிகளும் நின்றன. கதவோரத்தில் ஒரு வரிசை மட்டும் தலை தொங்கியிருந்தது, அதுவும் சாகவில்லை.

"மோட்டாருக்கு மாத்துங்க இப்போ," என்றாள் ஆம்ரா. வால்டெமார் தன் பக்கத்துப் பொத்தான்களை அழுத்திவிட்டு, பட்டாணி சூப் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே வீட்டுப் பக்கம் போனான். குன்வோர் ஒன்றாம் பகுதியை மாற்றிவிட்டு இரண்டாவதற்கு வந்தாள். பொத்தானை அழுத்தினாள். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

ரூனார் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "விடு குன்வோர். அவன் பாத்துப்பான்."

"பாக்கட்டும் மொதல்ல."

கைப்பிடி அசையவில்லை. அவள் இடது உள்ளங்கை குழாயில் இருந்தது. "இப்ப கொஞ்சம் தொறக்கணும்," என்று தனக்குள் சொன்னாள். அதே நொடி மோட்டார் முனகியது. அவள் கைக்குள்ளேயே கைப்பிடி ஒரு விரல் கனம் இடப்பக்கம் திரும்பியது. அவள் காத்திருந்தாள். ஒரு நிமிடம் கழித்து அது இன்னொரு முறை திரும்பியது, அவள் திருப்புவாளே அதே அளவு.

"சரி," என்றாள் குன்வோர். "கத்துக்கிட்டான்."

கையை எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. விரல்கள் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. ரூனார் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுக் குழாயில் சாய்ந்துகொண்டு, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.